நண்பர் விலக்கு

படகுத்துறைச் சோதனைக் கருவியான மடலறி, ஒரு மடலுக்கு ஒரு தடவை கூவும். கஸ்பாரின் கருவிப்பெட்டியை அதன் அடியில் நகர்த்தியதும் அது நிற்காமல் கூவத் தொடங்கியது. படகுத்துறை வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெய்வானை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பத்தேழில் நின்றது.

"பெட்டியைத் திறங்க."

ஸ்பேனர்களுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் நடுவே, ஈரத்துணியில் பக்குவமாகச் சுற்றி, நாற்பத்தேழு மெய்யிலைகள் இருந்தன.

"இதெல்லாம் யாரோடது?"

"சிநேகிதங்களோடது மேடம்."

"நாற்பத்தேழுமா?"

"நேத்து அம்பத்திரண்டு. இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா, கொஞ்சம் கம்மி."

கஸ்பாருக்கு ஐம்பது வயதிருக்கும். உப்புக் காற்றில் வெளுத்த நீலச்சட்டை, கழுத்தில் ஒரு சிலுவை, கையில் ஒரு பிளாஸ்க். தினமும் காலையில் தூத்துக்குடியிலிருந்து மிதவையூருக்குப் போய், அங்குள்ள கடல்நீர் சுத்திகரிப்புப் பம்புகளைப் பழுது பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர். அவர் பொய் சொல்கிறாரா, கேலி செய்கிறாரா என்று தெய்வானைக்குப் பிடிபடவில்லை. அவள் மெய்மடல் வாரியத்தின் துறைமுக ஆய்வாளர். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாற்பத்தொரு வயது, வாரியக் குடியிருப்பில் தனி வீடு. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அதைப் புரிந்துகொள்ளும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வாரியம் வந்த கதையை அப்போது பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் போலிக்காலம். ஒப்புப்பொறிகள் யாருடைய குரலையும் முகத்தையும் கையெழுத்தையும் நொடியில் செய்து காட்டின. சொந்த மகள் தொலைபேசியில் அழுதாலும் தாய் நம்பாத காலம் அது. கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ வந்த எதையும் பத்திரப்பதிவு அலுவலகமும் ஆஸ்பத்திரியும் ஏற்பதில்லை என்று ஆகிவிட்டது. அப்போதுதான் மன்னார் வளைகுடாவின் ஒரு செம்பாசியிலிருந்து மெய்யிலை பிறந்தது. வெற்றிலை அளவில் ஓர் உயிருள்ள சவ்வு. கட்டைவிரலை அழுத்திக்கொண்டு விரல்நகத்தால் அதில் எழுத வேண்டும். எழுதுகிறவரின் நாடித்துடிப்பும் வியர்வையும் அதன் இழையில் ஏறி உறைந்துவிடும். பெறுகிறவர் தம் கட்டைவிரலை வைத்தால் எழுதியவரின் நாடி அங்கே துடிக்கும். அதை நகலெடுக்க முடியாது. மின்சாரம் பட்டால் செத்துவிடும். ஆகவே எந்தக் கம்பியிலும் அனுப்ப முடியாது. கையால்தான் சுமந்துபோக வேண்டும்.

இன்னொரு குணமும் அதற்கு இருந்தது. எழுதும் வார்த்தையோடு எழுதுகிறவரின் மனது போகாவிட்டால் இலை செம்மண் தண்ணீர்போலக் கலங்கிவிடும். பாசி வளர்த்தவர்கள் இதை ஒரு குறையாக நினைத்து நீக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. 'அவசியம் குடும்பத்துடன் வரவும்' என்று எழுதுவதற்குள் கல்யாண வீட்டார் கட்டுக்கட்டாக இலைகளைப் பாழாக்கினார்கள்.

இத்தனை நம்பிக்கையைத் தாங்கும் பொருளைக் கண்டவர் கையில் கொடுக்க முடியுமா? மெய்மடல் சட்டம் வந்தது. ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் மெய்யிலையைச் சுமக்கும் உரிமை வாரியத்துக்கு மட்டுமே. மீறினால் மூன்றாண்டுச் சிறை. விலக்குகள் மூன்று. முதலாவது, தன் சொந்தப் பயணத்தில் போகும் நண்பர், கூலி எதுவும் வாங்காமல் கொண்டுபோகலாம். இரண்டாவது, ஒரு சரக்கோடு, அந்தச் சரக்கைப் பற்றி மட்டும் எழுதிய மடல் போகலாம். மூன்றாவது, ஒருவர் தன் காரியத்துக்கென்றே தனி ஆள் அனுப்பலாம்.

இரண்டாவது விலக்கை நம்பிக் கெட்டவர்கள் பலர். போன மாதம்தான் ஓர் இளைஞன் கூடை நிறைய மாம்பழத்தோடு ஒரு பெண்ணுக்கு மடல் அனுப்பினான். 'இவை மிகவும் இனிப்பானவை. இவற்றை நினைத்து மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை' என்று எழுதியிருந்தான். மாம்பழத்தைப் பற்றித்தான் எழுதினேன் என்று துறையில் நின்று சாதித்தான். இலை முழுக்கக் கலங்கியிருந்தது. தெய்வானையால் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனாலும் பறிமுதல் செய்தாள்.

கஸ்பார் சொன்னது முதல் விலக்கு. "கூலி வாங்குறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம்."

"நான் பார்க்கணும். இன்னைக்கு நானும் உங்ககூட வாறேன்."

"வாங்க. கடல் இன்னைக்கு அடங்கித்தான் கிடக்கு."

மிதவையூர் கரையிலிருந்து ஒன்றரை மணி நேரம். சங்கிலியால் பிணைத்த மேடைகளின்மேல் எட்டாயிரம் பேர் வாழும் ஊர். நாட்டுக்கே மெய்யிலை தரும் செம்பாசி அங்கேதான் விளைந்தது. ஆனால் அந்த ஊருக்கும் கரைக்கும் இடையே ஒரு மடல் வாரியம் வழியாகப் போனால் ஒன்பது நாள் ஆகும். மதுரையிலுள்ள சரிபார்ப்பு நிலையத்துக்குப் போய் முத்திரை வாங்கித்தான் எதுவும் திரும்பி வர வேண்டும்.

படகிலிருந்து இறங்கியதும் கஸ்பார் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் காதுக்குப் பின்னால் சீழ்க்கட்டி. அறுவைக்குத் தாய் தகப்பன் இருவரின் மெய்யிலையும் வேண்டும் என்பது சட்டம். தகப்பன் கரையில் உப்பளத்தில் வேலை செய்தான். வாசலிலேயே காத்து நின்ற டாக்டர் இலையை வாங்கிக் கட்டைவிரலை வைத்தார். ஒரு விநாடி கண்ணை மூடினார். "தெளிவா இருக்கு. உள்ளே கொண்டுபோங்க," என்றார். தெய்வானை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கஸ்பார் வாசலில் கால் வைத்ததிலிருந்து குழந்தையின் கட்டில் நகர்ந்ததுவரை நாலு நிமிடம்.

அன்று முழுக்க அவர் பின்னாலேயே நடந்தாள். ஒரு வீட்டில் பம்பைக் கழற்றுவார், அடுத்த வீட்டில் மடலைக் கொடுப்பார். எல்லாரும் டீ குடிக்கச் சொன்னார்கள். கஸ்பார் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார்.

"ஏன், ஒரு டீ குடிச்சா என்ன?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

"ஒரு வாய் டீயும் ஊதியம்தான்னு உங்க வக்கீலு சொல்லுவாரு மேடம். சட்டத்தை நான் நாலு தரம் வாசிச்சிருக்கேன்."

"அப்போ எதுக்கு இதைச் செய்யுறீங்க?"

"போற வழிதான." சற்றுத் தூரம் நடந்துவிட்டு மறுபடி சொன்னார். "ஒருத்தருக்கு ஒண்ணு வேணும். அது என் கையில இருக்கு. கொடுக்கிறப்போ அவங்க மூஞ்சியப் பாக்கணும் மேடம். அதைக் கூலின்னு நீங்க எழுதுனா, ஆமா, வாங்குதேன். எழுதிக்கோங்க."

அவள் எழுதிக்கொள்ளவில்லை.

மிதவையூரில் வாரியத்தின் சொந்த மடலாளர் ஒருத்தி உண்டு. பெயர் செல்லக்கனி. பை நிறையக் கொண்டுபோக வேண்டியவள், இரண்டே மடலோடு வந்து நின்றாள். கஸ்பாரால் உன் வேலை போகிறதே என்று தெய்வானை கேட்டதற்கு, "ஒன்பது நாள் கழிச்சு ஒரு மடலைக் கொடுத்துட்டு ஏச்சு வாங்குறதுக்கு, அவர் கொடுக்கட்டுமே," என்று சிரித்தாள். அப்புறம், "நீங்க காலையில இருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, பதில் வருமுன்பே சோற்றுக்கு வாழையிலை போட்டுவிட்டாள்.

தெய்வானை அந்த மாதம் பதினொரு முறை மிதவையூர் போனாள். அறிக்கைக்கு இரண்டு முறை போயிருந்தால் போதும். மற்ற முறைகள் எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை. படகில் கஸ்பாரும் அவளும் சட்டத்தைப் பற்றி வழக்கடித்துக்கொண்டே போவார்கள். ஒருவர் தனக்கே எழுதிக்கொள்ளும் இலை மடலா இல்லையா என்று ஒரு நாள் ஆரம்பித்து, கரை வரும்வரை முடியவில்லை. மேடம் என்பது எப்போதோ தங்கச்சி ஆகிவிட்டது. அவளும் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். கூலி வாங்கியதற்குத் தடயம் இல்லை என்று அறிக்கை அனுப்பினாள்.

மண்டல மேலாளர் வரதராஜுலு அவளை மதுரைக்கு வரச்சொன்னார். மெலிந்த மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, மேசைமேல் ஒரு தூசு இருக்காது. முப்பது வருடம் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நடத்தியவர் என்று அவருக்குப் பெயர்.

"கூலி இல்லை, சரி," என்றார். "சட்டத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. நண்பர். நாற்பத்தேழு பேருக்கு ஒரு மனிதன் நண்பனாக இருக்க முடியுமா தெய்வானை? உங்களுக்கு எத்தனை பேர்?"

 கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. நண்பர் என்பதை எப்படி நிரூபிப்பது? எப்படி மறுப்பது? சாட்சி, புகைப்படம், பழகிய காலம் எதுவும் தேறாது. திடீரென்று பொறி தட்டியது.

"இலையையே கேட்டுடலாம் சார். அனுப்பினவங்க ஒவ்வொருத்தரும் 'கஸ்பார் என் நண்பர்'னு எழுதட்டும். கஸ்பாரும் அவங்களைப் பத்தி எழுதட்டும். கலங்கினா நண்பர் இல்லை."

வரதராஜுலு முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "அற்புதம்," என்றார்.

அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பஸ் அருப்புக்கோட்டையைத் தாண்டிய பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. ஓர் இலை கலங்கினாலும் அந்த மனிதருக்கு மூன்று வருடம்.

மறுநாள் படகுத்துறையில் அவரிடம் அவளே சொன்னாள். கஸ்பார் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகு சரியாக உட்காரவில்லை.

"நல்ல யோசனைதான் தங்கச்சி," என்றார்.

"கோவமில்லையா அண்ணாச்சி?"

"ஜெயிலுக்குப் பயமில்லன்னு சொல்லமாட்டேன். அதைவிட வேற ஒண்ணு இருக்கு. நாற்பத்தேழு பேர்ல யாரு இல்லன்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் அவங்க கையில இருந்து எப்படி மடலை வாங்குறது?"

வழக்கு தூத்துக்குடி நீதிமன்றத்தில் நடந்தது. நீதிபதி அமிர்தகௌரி இலைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது இலைகள் தண்ணீர்போல் தெளிவாக வந்தன. முப்பத்தொன்றாவது ஆள் ஐஸ் கடை பவுல். 'கஸ்பார் என் நண்பர்' என்று அவர் எழுதி முடிக்குமுன்பே இலை செம்மண் நிறமாகிவிட்டது.  கஸ்பார் தரையைப் பார்த்தார்.

"அப்படியானால் நண்பர் இல்லை என்று எழுதுங்கள், பதிவு செய்துகொள்கிறேன்," என்றார் நீதிபதி.

பவுல் 'கஸ்பார் என் நண்பர் இல்லை' என்று எழுதினார். அதுவும் கலங்கியது. முன்னதைவிட மோசமாக.

"என்ன இது?"

"போன வாரம் ஒரு சண்டைம்மா," என்றார் பவுல். "கேரம் போர்டுல."

நீதிமன்றம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. நண்பர்கள் சண்டை போடக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, இல்லை என்று சொல்ல முடியாதவரை நண்பர் என்றே கொள்கிறேன் என்றார் நீதிபதி. மீதிப் பதினாறும் தெளிவாக வந்தன. கஸ்பார் எழுதிய நாற்பத்தேழில் பவுலுக்கு எழுதியதும் தெளிவாகவே இருந்தது. அதைப் பார்த்துப் பவுல் மூக்கைச் சிந்தினார்.

கஸ்பார் விடுதலையானார். ஆனால் இதைப் பார்த்து நாளைக்கு நட்பின் பெயரில் யாரும் கடை விரித்துவிடக்கூடாது என்று நீதிபதி தீர்ப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். 'நண்பர் யார் என்பதை இலை சொல்லும். நண்பரின் மடலைச் சுமப்பவர் எவராயினும் அதற்கு ஊதியம் பெறலாகாது.'

வாரியம் தோல்வியைச் சும்மா விடவில்லை. நண்பர் விலக்குக் கேட்கும் ஒவ்வொருவரும் துறையிலேயே இலையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று வரதராஜுலு உத்தரவு போட்டார். தெய்வானைக்குப் பதவி உயர்வும், ஒரு நட்புச் சோதனைச் சாவடியும் கிடைத்தன.

முதல் வாரம் வரிசை நீளமாக இருந்தது. மூன்றாம் வாரம் பாதியானது. அதற்குக் காரணத்தை அவள் தினமும் கண்ணால் பார்த்தாள். ஞானசிகாமணி என்று ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியர் ஒருவர், முப்பது வருட நண்பர் ஒருவரோடு வந்தார். இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள். மிதவையூருக்கு மீன் வாங்கப் போகும் நண்பரிடம் மகளுக்கு ஒரு மடல் கொடுத்தனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பேராசிரியர் எழுதியது தெளிவாக வந்தது. நண்பர் எழுதியது கலங்கியது. இன்னோர் இலை கேட்டு வாங்கினார், அதுவும் கலங்கியது. பேராசிரியர் நண்பரின் தோளிலிருந்து கையை எடுத்தார்.  நண்பர் படகில் ஏறாமல், வந்த வழியே போய்விட்டார்.

பேராசிரியர் மட்டும் சாவடி முன்னால் நின்றார். "அம்மா," என்றார், "இது தெரியாமலே நான் செத்திருப்பேன். நல்லாச் செத்திருப்பேன்."

தெய்வானையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தச் சாவடி தன் மூளையில் உதித்தது என்று அவரிடம் சொல்லவும் தைரியமில்லை.

பேராசிரியர் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. சாவடி வைத்த வாரியத்தை அதன் சட்டத்தாலேயே மடக்க வேண்டும் என்று தீர்ப்பை எடுத்து வரிவரியாகப் படித்தார். ஒரு வாரம் கழித்து அதே நீதிபதியிடம் ஒரு மனு வந்தது. நண்பரின் மடலைச் சுமப்பவர் எவராயினும் ஊதியம் பெறலாகாது என்பது தீர்ப்பு. மிதவையூர் மடலாளர் செல்லக்கனி தன் வட்டத்திலுள்ள எல்லாருக்கும் நண்பர் என்று ஊரே சொல்கிறது. அவர் மாதாமாதம் சம்பளம் வாங்குகிறார். எனவே அவர் சுமக்கும் ஒவ்வொரு மடலும் சட்டமீறல்.

செல்லக்கனியை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவள் வட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. எதிர்த்தரப்பு கேட்டபடி முதல் பத்து வீட்டாரைப் பற்றி எழுதினாள். பத்தும் தெளிவு. பதினோராவது இலையை நீட்டியபோது நீதிபதி கையமர்த்தினார்.

"எழுதியது நான்தான்," என்றார் தளர்ந்த குரலில். "எவராயினும் என்று எழுதிவிட்டேன். எவராயினும் என்றால் எவராயினும்தான்."

செல்லக்கனிக்குப் பணி இல்லை என்றாயிற்று. அவள் அழவில்லை. "அப்போ சம்பளம் இல்லாமக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டாள். போகலாம் என்றார் நீதிபதி. அவள் பாசி உலர்த்தும் களத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மத்தியானம் களம் விட்டதும் கஸ்பாரின் மடல்களில் பாதியை வாங்கிக்கொண்டு மேடை மேடையாக நடந்தாள்.

வாரியத்தின் தலைமையகம் பயந்துபோனது. இனி ஊழியர் எவருக்கும் தம் மண்டலத்தில் நண்பர் இருக்கக்கூடாது. இருந்தால் பணிநீக்கம். வரதராஜுலு ஒரே நாளில் விதிகளை எழுதி முடித்தார். மடலாளர் எந்த வீட்டிலும் உட்காரக்கூடாது, எதுவும் அருந்தக்கூடாது, நலம் விசாரிக்கக்கூடாது, தம் பெயரைச் சொல்லக்கூடாது. மண்டலத்தின் அறுபத்து மூன்று பேரும் மதுரைக்கு வந்து, 'இந்த மண்டலத்தில் எனக்கு நண்பர் எவரும் இல்லை' என்று இலையில் எழுதித் தர வேண்டும்.

அன்று காலை மதுரை அலுவலகத்தின் நீண்ட மேசைக்கு ஒரு முனையில் வரதராஜுலு, மறுமுனையில் தெய்வானை. ஒவ்வொருவராக வந்து எழுதினார்கள். ஒவ்வோர் இலையும் கலங்கியது. நாய்க்குப் பிஸ்கட்டுகூடப் போடமாட்டார் என்று பெயரெடுத்த திருமங்கலம் மடலாளர், "எனக்கு எவன் இருக்கான்?" என்று எரிச்சலோடு எழுதினார். அவர் இலைதான் எல்லாவற்றையும்விடக் கருத்துப்போனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு பணிநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

மத்தியானத்துக்குள் அறுபத்தோரு இலைகள் கலங்கிக் கிடந்தன. மீதம் அவர்கள் இரண்டு பேர்தான்.

"முதலில் நான் எழுதுகிறேன்," என்றார் வரதராஜுலு.

கட்டைவிரலை அழுத்தி, மணிமணியான எழுத்தில் எழுதினார். இலை தெளிவாக இருந்தது. கீழே இருந்த மேசையின் மரவரிகூட அதன் வழியே தெரிந்தது.

அவர் அதைத் தட்டில் வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். திரும்பவும் மேசைமேல் வைத்துப் பார்த்தார். எங்காவது ஒரு ஓரத்தில் ஒரு துளி கலங்கலாவது இருக்காதா என்று தேடுகிறவரைப்போலப் பார்த்தார்.

"நல்லது," என்றார் கடைசியில். "நீங்கள் எழுதுங்கள்."

தெய்வானை இலையை முன்னால் வைத்துக்கொண்டாள். கலங்கினால் வேலை போய்விடும். கலங்காவிட்டால்? நாற்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஊர் ஊராக மாற்றலில் போனவள். எந்த ஊரிலிருந்து கிளம்பியபோதும் வழியனுப்ப யாரும் வந்ததில்லை. இதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் இருந்ததாக நினைவில்லை. இப்போது பயமாக இருந்தது. எந்தப் பக்கம் நினைத்துப் பயப்படுகிறோம் என்பதுதான் தெரியவில்லை.

எழுதினாள். 'எவரும்' என்ற சொல்லில் நகம் ஓடும்போதே விரலைச் சுற்றிப் பழுப்பு பரவியது. 'இல்லை' என்பது படிக்கவே முடியாமல் போயிற்று.

வரதராஜுலு எழுந்து அவள் பக்கம் வந்தார்.

"யார்?" என்றார்.

அது மேலதிகாரியின் கேள்வியாக இல்லை.

தெய்வானை யோசித்தாள். கஸ்பார் அண்ணாச்சியா? பதில் வருமுன்பே சோற்றுக்கு இலை போட்ட செல்லக்கனியா? நீதிமன்றத்தில் மூக்குச் சிந்திய பவுலிடம்கூட அதற்கப்புறம் ஒரு நாள் அரை மணி நேரம் பேசியிருக்கிறாள்.

"எனக்கே தெரியலை சார்," என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது.

"பெயரை எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடுமே." இலைக்கட்டிலிருந்து ஒன்றை அவரே உருவி நீட்டினார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "ஒவ்வொரு பெயராக எழுதிப் பாருங்கள். தெரிந்தவர்கள் எல்லாரையும். வேண்டுமானால்... என்னுடையதையும்."

அவள் அந்த இலையைப் பார்த்தாள். நண்பரின் தோளிலிருந்து இறங்கிய பேராசிரியரின் கை அவள் கண்முன் வந்தது.

"வேண்டாம் சார்," என்றாள். "நேர்ல போய்ப் பார்த்துக்கிறேன்."

அவர் தலையசைத்தார். இலையைத் திரும்பக் கட்டுக்குள் செருகிவிட்டு, அவளுடைய பணிநீக்கக் கடிதத்தை எழுத உட்கார்ந்தார். எழுத்து எப்போதும்போல மணிமணியாகத்தான் இருந்தது.

ஆக, மண்டலத்தில் மடல் சுமக்கும் தகுதியோடு மிஞ்சியவர் ஒருவர்தான். வேறு மண்டலங்களிலும் இதே கதையாக இருந்ததால் கடன் வாங்கவும் ஆள் இல்லை. சட்டம் சட்டம்தான் என்று முப்பது வருடம் சொன்னவர் அதிலிருந்து நழுவப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை, மடிப்புக் கலையாத சட்டைமேல் வாரியத்தின் பையை மாட்டிக்கொண்டு தூத்துக்குடி படகில் ஏறினார். பை கனமாக இருந்தது. ஊழியர் இல்லாமல் மூன்று நாள் மடல் தேங்கியிருந்தது.

அதே படகில் தெய்வானையும் போனாள். பக்கத்தில் கஸ்பார், மடியில் கருவிப்பெட்டி. வரதராஜுலு தூரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"கூப்பிட்டு உட்கார வைக்கலாமா?" என்றார் கஸ்பார்.

"கூப்பிட்டா வரமாட்டார் அண்ணாச்சி. விதி."

"யாரு போட்டது?"

"அவர்தான்."

மிதவையூரில் முதல் மேடையிலேயே வரதராஜுலு வழி தெரியாமல் நின்றுவிட்டார். வீடுகளுக்கு அங்கே எண் கிடையாது. இன்னார் வீடு என்று சொன்னால்தான் தெரியும். தெய்வானை கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே நடந்தாள். உதவி செய்ய மனம் துடித்தது. செய்தால் அவர் வேலைக்கு ஆபத்து என்று தோன்றியதால் பேசாமல் இருந்தாள். அவர் தட்டுத்தடுமாறி விசாரித்து, ஒரு மணி நேரத்தில் மூன்று மடல் கொடுத்தார். யாரும் டீ குடிக்கச் சொல்லவில்லை. மடலாளருக்கு எதுவும் தரக்கூடாது என்ற வாரிய அறிவிப்பு மேடைக்கு மேடை ஒட்டியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

நாலாவது வீட்டில் ஒரு நடுவயதுப் பெண் கையெல்லாம் பாசியோடு வாசலுக்கு வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இலையை வாங்கினாள். கட்டைவிரலை அதில் வைத்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். சவுதியில் இருக்கும் மகன் எழுதியது. ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த நாடி.

வரதராஜுலு திரும்பி நடந்திருக்கலாம். கொடுத்தாகிவிட்டது, வேலை முடிந்தது. ஆனால் அவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நல்லாருப்பீங்கய்யா. புதுசா வந்திருக்கீங்களா? உங்க பேரு என்ன?"

அவர் பையின் வாரைச் சரிசெய்தார். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார். தன் கையெழுத்தையும் பார்த்தார்.

"வரதராஜுலு," என்றார். அவள் கேட்காமலேயே, "மதுரை," என்றும் சேர்த்துக்கொண்டார்.